தண்ணி எப்படி, தண்ணி வந்துதா

எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் மனை பார்க்க வந்தவர்கள், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்த்தார்கள். ஒரு வாளி இறைத்து, கை நிறைய அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள். உப்புக் கரிக்கவில்லை என்றால் முன்பணம் கைமாறும். "தண்ணி எப்படி?" என்பதே அன்றைய கேள்வி. இன்று அதே தெருக்களில் அடுக்ககம் பார்க்க வருபவர்கள், "2015-ல இங்க தண்ணி வந்துதா?" என்று கேட்கிறார்கள்.

தாம்பரத்தை ஆற்றங்கரை ஊர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆறு என்னவோ பக்கத்திலேயேதான் ஓடுகிறது. ஆதனூர் ஏரியின் உபரிநீரில் தொடங்கும் அடையாறு, வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று இந்தப் புறநகர்களை ஒட்டியே நடந்து, சுமார் 42 கிலோமீட்டரில் கடலைச் சேர்கிறது. ரயில் பாதைக்கு மேற்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி அதற்குப் போகும். கிழக்கே பெய்வது சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு அது வரவு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி இருந்தார். பிறகு வயல்கள் மனைகளாயின. பாய்ச்ச நிலம் இல்லாதபோது மடைக்கு வேலை இல்லை, ஏரிக்கும் கேட்பாரில்லை. பெயர்களில் மட்டும் நீர் தங்கிவிட்டது: கடப்பேரி, திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் நின்றதால், அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது திருநீர்மலைத் தலபுராணம்.

ஊரை வளர்த்தது ரயில். 1928-ல் காசநோய்ச் சானடோரியம் வந்தது. நல்ல காற்றும் நகரத்திலிருந்து தூரமும் அதற்குத் தேவைப்பட்டன. 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. 1964-ல் தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஐந்தும் சேர்ந்து நகராட்சி. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி. மீட்டர் கேஜ் ரயில் 2004-ல் நின்றது. இப்போது தென்மாவட்ட ரயில்கள் சில இங்கிருந்தே புறப்படுகின்றன. வெளியூர்ப் பேருந்துக்கு அன்று பாரிமுனைக்குப் போனோம், பிறகு கோயம்பேட்டுக்கு, 2023 டிசம்பர் முதல் கிளாம்பாக்கம். நகரம் நம்மைத் தேடி வந்துவிட்டது. அதே காலத்தில், முன்பு சுமார் 5,000 ஹெக்டேர் விரிந்திருந்த பள்ளிக்கரணையில், 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்க மிஞ்சியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.

எங்கள் வீட்டுக்கு அப்பா மூன்று படி வைத்தார். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றினார்கள். முதல் படி போனது, இரண்டாவது போனது. இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. அந்த வாரத்தில்தான் எங்களில் பலருக்கு அடையாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே தெருவில் காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றோம். அப்பா காலத்தில் கோடையிலும் இருபது அடியில் வாளி நனைந்த கிணறு, அந்த வருடம் தரை தட்டியது. 300 அடி ஆழ்துளைக் கிணறும் காற்றைத்தான் இறைத்தது. அன்று கிணற்றடியில் ஓசியில் கிடைத்த குடிநீர், இன்று 20 லிட்டர் கேனில் மாடி ஏறி வருகிறது.

சீர்பட்டதும் உண்டு. வெள்ளத்துக்குப் பின் அடையாற்றை அகலப்படுத்தித் தூர்வாரினார்கள். முடிச்சூர்ப் பக்கம் மூடுகால்வாய்கள் கட்டினார்கள். சிட்லபாக்கத்துக்காரர்கள் விடாமல் கேட்டதில், ஏரிக்கரையில் மலைபோல் கிடந்த குப்பை அகன்று நடைபாதை வந்தது. காலையில் நடக்கப் போகிறவர்கள், கலங்கல் எத்தனை அங்குலம் வழிகிறது என்று மறுபடியும் பேசிக்கொள்கிறார்கள்.

போன வருடம் எதிர் வீட்டைத் தூக்கினார்கள். சுவரோரம் பள்ளம் பறித்து, அடித்தளத்துக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளைச் செருகினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, வட மாநிலத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருகினார்கள். வீடு ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. மாலையில் சுவருக்குக் கீழே புதுச் செங்கல் தெரிந்தபோதுதான் தெரிந்தது. நாலடி ஏற்றிய பிறகு அந்த வீட்டுக்கு ஏழு படி. கிணறு மட்டும் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. மொட்டை மாடியிலிருந்து அதற்குள் இறங்கிய மழைநீர்க் குழாய், வீட்டோடு சேர்ந்து நாலடி மேலே போய்விட்டது. கடைசி நாள், கொத்தனார் நாலடிக் குழாய் வாங்கி வந்து ஒட்டி, மறுபடியும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனார்.