தலைவியர் எழுதிய இரு நூல்கள்



அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிற அக்காமாருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ல் தொடங்கியது. அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரை வைத்தார்கள். யார் அவர்?

சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அன்று இருந்தது. அதைக் கிட்ட இருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தக் கொடுமையை ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலாக 1936-ல் எழுதினார். சாதாரண சனங்களுக்கும் புரிய வேண்டும் என்று கதையாகவே சொன்னார்.

அதே வழக்கத்தைச் சட்டசபையில் எதிர்த்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான்; அங்கே துணைத் தலைவராகவும் ஆனார். சபையில் தாம் செய்த வேலைகளை 1930-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். அந்த வருடம் வந்த மசோதா, தடைச் சட்டமாக 1947 ஆகிவிட்டது. அதுவரை இருவரும் சளைக்கவில்லை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்கிறீர்களா? தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என 2016-ல் சட்டம் வந்தது. ஆனால் சில ஊர்களில் நாற்காலியில் அம்மா இருப்பார், பேசுவது வீட்டுக்காரர்! இடம் கிடைத்தால் மட்டும் போதாது. எதற்காகப் பேசுகிறோம் என்று தெரிந்தால்தான் சபையில் வாய் திறக்க முடியும். அதைத்தான் இந்த இரண்டு புத்தகங்களும் சொல்லித் தருகின்றன.

நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். தம்பிமாரும்தான்!