தேரோட்டி எங்கே?

பிரமிடு கட்டியவர்கள் குதிரையைக் கண்டதில்லை என்றால் நம்புவீர்களா? கீஸாவின் பெரிய பிரமிடு எழும்பி ஏறக்குறைய 900 ஆண்டுகள் சென்ற பிறகே குதிரை எகிப்து மண்ணில் காலூன்றியது. வந்ததும் அரசரின் தேரில் பூட்டப்பட்டு, சித்திரங்களிலும் இடம்பிடித்துக்கொண்டது.

1922-இல் துட்டன்காமன் கல்லறையில் ஒரு வண்ணப் பெட்டி கிடைத்தது. அதில் தலையில் இறகுக் குஞ்சத்தோடு இரண்டு குதிரைகள் பாய்கின்றன. சட்டென்று பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றை ஒட்டி மற்றொன்றின் கோடு ஓடுகிறது. தேரில் அரசர் மட்டுமே! கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரு கைகளாலும் வில்லை வளைக்கிறார். உண்மையில் எகிப்தியப் போர்த்தேரில் இருவர் ஏறுவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் அம்பெய்வார். ஓட்டியவர் அரசரின் பெருமைக்கு இடைஞ்சல் போலும். சித்திரக்காரர் அவரை இறக்கிவிட்டார்.

கி.மு. 1274-இல் நடந்த காதேஷ் போரைக் கோயில் சுவர்களில் படமாகவும் எழுத்தாகவும் பதித்தார் இரண்டாம் ராம்சேஸ். ஆபத்தில் கைவிடாத தம் இரு குதிரைகளுக்கும் அரண்மனையில் நாள்தோறும் தம் முன்னிலையிலேயே தீனி வைக்கப்படும் என்கிறது எழுத்து. 'தீப்ஸில் வெற்றி' என்பது அவற்றில் ஒன்றின் பெயர். உடன் நின்ற மென்னா என்ற கேடயக்காரனையும் அது மறக்கவில்லை. எதிரிகள் சூழ்ந்தபோது நடுங்கிப்போனவன், ஆனாலும் தேரைவிட்டு ஓடாதவன்.

படத்திலோ, தேரில் ராம்சேஸ் மட்டுமே நிற்கிறார்.