உங்களுக்குத் தெரியுமா? நிமோனியாவைக் காட்டும் ரத்தம்

கொரோனா காலத்தில் நாம் கேட்டுப் பழகிய ‘சி.ஆர்.பி.’ புரதம், 1930-லேயே நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் கண்டறியப்பட்டது! உடம்பில் அழற்சி கிளம்பினால் கல்லீரல் இதைச் சுரந்து தள்ளும். வழக்கமாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது 100-ஐயும் தாண்டலாம். வைரஸ் நிமோனியா முற்றும்போது லிம்போசைட் அணுக்கள் குறையும், ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் அளவு ஏறும். மிதமான கொரோனாவுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சி.ஆர்.பி., டி-டைமர் பார்க்கச் சொன்னது 2021-ல் வந்த எய்ம்ஸ், ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல். ஒரு நாள் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

ஆனால் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.