ரிவர்ஸ் லைட் எரியலையா? மீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் உடனே நம்பாதீங்க

இன்றைக்கு ஒரு சின்ன விஷயம், காரோட ரிவர்ஸ் லைட். இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு கேட்பீங்க. எனக்கும் போன மார்கழி வரைக்கும் அப்படித்தான் தோணிச்சு.

காலை அஞ்சு மணி. தாம்பரம் பக்கம் எங்க தெரு. ஊரிலிருந்து வர்ற அத்தையை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வர அப்பா காரை ரிவர்ஸ் எடுக்கிறார். எதிர் வீட்டு அக்கா முதுகைக் காட்டிக்கிட்டு கோலம் போட்டுட்டு இருக்காங்க. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது, இன்ஜின் சத்தம் அவங்களுக்குக் கேட்கலை. பார்க்கிங் சென்சார் விடாம கத்தினதால அப்பா பிரேக் போட்டுட்டார். அக்கா திரும்பிப் பார்த்தா ஒரு கை தூரத்தில் பம்பர். "லைட்டே எரியலையே அண்ணா, நீங்க பின்னாடி வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

சென்சாரும் கேமராவும் வண்டிக்குள்ள இருக்கிறவருக்குச் சொல்லும். வெளியில நிக்கிறவங்களுக்குச் சொல்றது அந்த வெள்ளை லைட் மட்டும்தான். வாகன விளக்குகளுக்கான ஐ.நா. விதிமுறை 48-ம் ரிவர்ஸ் லைட்டுக்கு இரண்டு வேலை சொல்லுது: பின்னால் இருக்கிற சாலைக்கு வெளிச்சம் கொடுக்கணும், வண்டி பின்னால் வரப்போகுதுன்னு மற்றவங்களை எச்சரிக்கணும்.

பாகத்தை மாத்திப் பார்க்கிற வைத்தியம்

அன்றைக்கே மெக்கானிக்கிட்ட போனோம். முதல்ல இரண்டு பல்பையும் மாத்தினார், எரியலை. அப்புறம் "கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்ச் போயிருக்கும்"னு சொல்லி அதையும் மாத்தினார். அப்பவும் எரியலை. "வயரிங் முழுக்கப் பிரிச்சுப் பார்க்கணும் சார், இரண்டு நாள் ஆகும்"னார். வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

ஆபீஸ்ல ஒரு பிழை வந்தா நாம பத்து ஃபைலை மாத்திப் பார்க்கிறதில்லை. எந்த இடம் வரைக்கும் சரியா இருக்குன்னு பார்த்து, பாதி பாதியா ஒதுக்கிக்கிட்டே வருவோம். கார் வயரிங்குக்கும் அதே வழிதான்.

கரண்ட் போகும் பாதை

சாதாரண மேனுவல் கியர் வண்டியில பாதை ரொம்ப எளிது. பேட்டரி, இக்னிஷன், ஃபியூஸ், கியர்பாக்ஸ் மேல இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்ச், அங்கிருந்து பின்பக்கம் போகும் வயர், பல்பு, கடைசியா எர்த். எர்த்துன்னா வண்டியோட பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற பாதை. இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி போனாலும் லைட் எரியாது.

சோதிக்கும்போது இன்ஜின் ஆஃப், இக்னிஷன் ஆன், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வச்சு, ரிவர்ஸ் கியர். இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குப் பின்னாடி போய் நிக்காதீங்க, ஒரு தடவைகூட.

முதல் கேள்வி: ஒரு லைட் எரியலையா, இரண்டுமா? ஒன்று மட்டும்னா பெரும்பாலும் அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர் அல்லது அங்கே போகும் வயர். இரண்டும்னா பொதுவான பாதை மேல சந்தேகம். ஆனா பல்பை முதல்ல பார்த்துடுங்க. ஒன்று ஆறு மாசம் முன்னாடியே போயிருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டோம். இன்றைக்கு இரண்டாவது போகும்போதுதான் கண்ணுல படும்.

அடுத்து ஃபியூஸ். ஃபியூஸ் போயிருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க. மறுபடி போச்சுன்னா எங்கேயோ ஷார்ட் இருக்கு. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டா ஃபியூஸ் தப்பிச்சுடும், வயர் எரியும்.

அடுத்து ஸ்விட்ச். பழைய மாதிரி வண்டியில இதில் இரண்டு வயர்தான் இருக்கும். கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வச்ச ஒரு துண்டு வயரால அந்த இரண்டையும் இணைச்சுப் பாருங்க. லைட் எரிஞ்சா ஸ்விட்ச்தான் குற்றவாளி. கம்ப்யூட்டர் வழியா லைட்டை இயக்குற புது வண்டிகளிலும் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் இதைச் செய்யாதீங்க. அதுக்கு ஸ்கேனரும் வயரிங் படமும் வேணும்.

எங்க கேஸ்ல ஸ்விட்சைத் தொடவே வேண்டியதில்லை. துப்பு அன்றைக்குக் காலையிலேயே கிடைச்சிருக்கு. சென்சார் கத்தினதே! எங்க வண்டியில சென்சார் பெட்டி டிக்கியோட பக்கவாட்டில் இருக்கு, ரிவர்ஸ் லைட்டுக்குப் போற வயர்ல இருந்துதான் அதுக்கும் கரண்ட். அப்போ ஃபியூஸ், ஸ்விட்ச், முன்னாடியிலிருந்து டிக்கி வரைக்கும் வர்ற வயர் எல்லாம் சரி. பாதையில முக்கால்வாசி ஒரு 'பீப்' சத்தத்திலேயே ஒதுங்கிடுச்சு. நானும் கவனிக்கலை, மெக்கானிக்கும் கேட்கலை.

மீட்டர் சொன்ன பாதி உண்மை

மிச்சம் இருக்கிறது டிக்கி கதவுக்குப் போகும் வயர், ஹோல்டர், எர்த். பல்பைக் கழற்றிட்டு ஹோல்டர்ல மல்டிமீட்டர் வச்சேன். 12.3 வோல்ட்! கரண்ட் வருது, எர்த் இருக்கு, பல்பு புதுசு. ஆனா மாட்டினா எரியலை. அரை மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன்.

காரணம் இதுதான். சாதாரண டிஜிட்டல் மீட்டரோட உள் மின்தடை சுமார் 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது வயர்ல இருந்து கரண்டே எடுக்காதுன்னு சொல்லலாம். வழியில் 30 ஓம் தடை இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு கோடிக்கு முன்னாடி 30 தூசு. மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டும். 21 வாட் பல்பு அப்படியில்லை. ஒழுங்கா எரிய அதுக்கு 1.75 ஆம்பியர் வேணும், குளிர்ந்த இழையோட தடை ஒரு ஓம் பக்கம்தான். 30 ஓமுக்குப் பின்னாடி ஒரு ஓம் நின்னா, கிட்டத்தட்ட எல்லா வோல்டேஜையும் அந்த 30 ஓமே சாப்பிட்டுடும்.

ஆள் இல்லாத நேரத்தில் சர்வர் பிங்குக்கு டக்குனு பதில் சொல்லும், கூட்டம் வந்ததும் படுத்துடும் இல்லையா? அதே கதை. அதனால விதி ஒன்றுதான்: லோடு இருக்கும்போது அளக்கணும்.

பல்பை மாட்டி, ரிவர்ஸ் கியர் போட்டு, கனெக்டரோட பின்பக்கமா முனையை நுழைச்சு மறுபடி அளந்தேன். இப்போ வெறும் 0.2 வோல்ட். திருடன் இருக்கான், ஆனா பாசிட்டிவ் பக்கமா, எர்த் பக்கமா?

மீட்டரோட ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வச்சேன் (நீளமா ஒரு வயர் வேணும்). பல்பு மாட்டியிருக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பாதையில தடைன்னு எடுத்துக்கலாம். ஆனா தடை பாசிட்டிவ் பக்கம் இருந்து கரண்டே குறைவா ஓடினா, எர்த் பழுதா இருந்தாலும் இந்த எண் சின்னதாத்தான் வரும். அதனால பாசிட்டிவ் பக்கத்தையும் அளந்தேன். டிக்கி கதவுக்கு வயர் போகும் ரப்பர் குழாய்க்கு முன்னாடி ஒரு முனை, தாண்டினதும் ஒரு முனை. 12 வோல்ட் பக்கம் காட்டுச்சு. மொத்த வோல்டேஜும் அந்த ஒரு ஜாண் வயர்லயே தொலையுது!

குழாயை உருவிப் பார்த்தா வயர் மேலுக்கு நல்லாத்தான் இருந்தது. விரலால் வளைச்சப்போ ஒரு இடம் மட்டும் தொளதொளன்னு இருந்துச்சு. தோலைச் சீவினா உள்ள செம்பு இழைகள் எல்லாமே அறுந்து, பச்சை பிடிச்ச நுனிகள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாம நிக்குது. வருஷக்கணக்கா டிக்கியைத் திறந்து மூடினதில் வளைஞ்சு வளைஞ்சு அறுந்திருக்கு. ஹேட்ச்பேக் வண்டிகளுக்கு இது அடிக்கடி வர்ற வியாதி.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, நல்லா வளையக்கூடிய புது வயர் போட்டேன். சால்டரிங் செஞ்ச இடம் விறைப்பா இருக்கும், வளைவுக்குள்ள இருந்தா மறுபடி அறுந்துடும். அதனால இணைப்பு இரண்டையும் ரப்பர் குழாய்க்கு வெளியே வச்சு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். செலவு நூறு ரூபாய்கூட ஆகலை. கடைசியா லோடோட எர்த்தை மறுபடி அளந்தேன், 0.05 வோல்ட். எர்த்தும் சுத்தம்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல வரலை. ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்க்கிறவருக்கு, பாகத்தை மாத்திப் பார்க்கிறதுதான் வேகமான வழியாத் தெரியும். ஆனா வண்டியோட தினமும் பழகுறது நாமதானே? எது வேலை செய்யலைன்னு சொல்றதோட நிறுத்தாம, எதெல்லாம் இன்னும் வேலை செய்யுதுன்னும் சொல்லுங்க. அதுதான் அவருக்குப் பெரிய உதவி.

இன்றைக்கு ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஒரு வேலை செய்யுங்க. பின்னாடி சுவர் இருக்கிற இடமாப் பார்த்து ரிவர்ஸ் கியர் போட்டு, கண்ணாடியில பாருங்க. சுவர்ல இரண்டு வெள்ளை வெளிச்சம் விழணும். ஒன்றுதான் விழுந்தா, இரண்டாவதும் போற வரைக்கும் காத்திருக்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க.