பைரவருக்கு மாலை, வாகனத்துக்கு எமன்!



எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். அம்மா கொல்லையில் வளரும் செவ்வரளியைப் பறித்து, தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு மாலை கட்டுவார். பைரவரின் வாகனம் நாய் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மாலைப் பூவே நாய்க்கு விஷம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன ஆடியில் அம்மா அரளியைக் கழித்து, கிளைகளை வாசலில் போட்டிருந்தார். எங்க கருப்பன் ஐந்து மாசக் குட்டி. பல் முளைக்கிற வயசு, எது கிடைத்தாலும் கடிக்கும். ராத்திரி வாந்தி எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா உப்புத் தண்ணி கொடுக்கச் சொன்னாங்க, கொடுத்தோம். அப்பா என்னைப் பார்த்து, "நீதான்டா படிச்சவன், என்ன பண்ணலாம் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விடிந்து கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அரளி என்ன செய்கிறது?

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் உண்டு. அரளியில் உள்ள ஓலியாண்ட்ரின் அந்தப் பம்பை நிறுத்துகிறது. உடனே இதயத்தின் 'டைமிங்' தவறுகிறது. வாந்தி, பேதி, தள்ளாட்டம், பிறகு துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். இலை, பூ, வேர், காய்ந்த சருகு, பூப்போட்டு வைத்த தண்ணீர் எல்லாமே விஷம். மஞ்சள் அரளியும் அப்படியே. அதன் கொட்டை இன்னும் மோசம்.

ஆடு மாடு மேயாது என்றுதான் நெடுஞ்சாலை நடுவில் அரளி வைக்கிறார்கள். மேயாததற்குக் காரணமே இந்த விஷம்தான். மனிதனுக்கும் ஆபத்து உண்டு. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது.

மற்ற செடிகள்

ஆமணக்கு: கொட்டையில் ரிசின் என்ற விஷம். செல்லில் புரதம் உண்டாவதையே தடுக்கும். எண்ணெயில் அது இறங்காது; புண்ணாக்கில் தங்கிவிடும். பூந்தொட்டிக்கு உரமாகப் போட்ட புண்ணாக்கை நாய் ருசித்துத் தின்னும். ஒரு நாள் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம்.

செங்காந்தள்: நம் மாநில மலர். கிழங்கில் கோல்ச்சிசின் இருக்கிறது. மண்ணைத் தோண்டும் நாய்க்கு ஆபத்து.

ஊமத்தை: வாய் உலரும், கண்மணி விரியும், வெறி பிடித்தது போல் ஓடும்.

சைக்கஸ்: ஆபீஸ் வாசல்களில் அழகுக்கு நிற்பது. இதன் விதை ஈரலைக் கெடுக்கும்.

மணி பிளாண்ட்: ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயில் குத்தும். எச்சில் ஒழுகும், வாய் வீங்கும். உயிர் போவது அபூர்வம்.

என்ன செய்ய வேண்டும்?

1. அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தின்றதைப் பார்த்தாலே கிளம்ப வேண்டும்.

2. தின்ற செடியில் ஒரு கிளையைக் கையோடு கொண்டு போங்கள். எப்போது, எவ்வளவு தின்றது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. உப்புத் தண்ணி கொடுக்கவே கூடாது. உப்பே நாய்க்கு விஷமாகும். பால் விஷத்தை முறிக்காது. டாக்டர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

4. நேரத்தோடு போனால் டாக்டர் கரித்தூள் மருந்து கொடுத்து, குடலில் மிச்சமிருக்கும் விஷத்தைப் பிடித்து வைக்க முடியும்.

5. கழித்த கிளைகளைக் குழியில் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் கெடுதல்.

செடியையெல்லாம் வெட்டச் சொல்லவில்லை நண்பர்களே! அம்மா இன்றும் பைரவருக்கு மாலை கட்டுகிறார். ஆனால் அரளி இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இந்த வருஷம் ஒரு புதுக்குட்டி வந்திருக்கிறது. தெருவில் யார் வீட்டு நாய் வாந்தி எடுத்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். "என்ன தின்னுச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று ராத்திரி நான் கேட்கத் தவறிய கேள்வி அது.