இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை

3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் உடைய இந்தப் பாதை, 1953-இல் ஸ்தாபிதமான மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பெருமுயற்சியால் நிர்மாணிக்கப்பெற்று, 1990-இல் திறக்கப்பட்டது.

அதற்கு முந்திய பல்லாண்டுகள், இரண்டாம் உலக மகாயுத்த காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்திலேதான், வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாது திரண்ட பல்லாயிரம் ரசிகர்களின் ஆரவாரத்துக்கிடையே பந்தயங்கள் நடைபெற்றன; அந்த உற்சாகத்தைக் கண்டவர்கள் பாக்கியசாலிகள். ஆயினும், விமானம் ஓடி எழும்புவதற்கென நேராக இடப்பட்ட தளம் அது. பந்தயத்துக்கென்றே வகுக்கப்பட்ட இப்பாதையிலோ, வளைவை நெருங்குகையில் வேகத்தைத் தணித்து, அதைக் கடந்த கணமே மீண்டும் விரைவுபடுத்தும் சாமர்த்தியமே வெற்றியை நிர்ணயிக்கிறது.

2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், இளமையில் வண்டி செலுத்திய பாதையும் இதுவே.