சாப்பிட்டதும் தள்ளாடும் குட்டி

பக், ஷிட்ஸூ, மால்டீஸ், யார்க்ஷயர் டெரியர் என்று சிறிய இன நாய் வளர்க்கிறீர்களா? சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குட்டி மந்தமாகிறதா, தள்ளாடுகிறதா, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ‘ஃபிட்ஸ்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கல்லீரலைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாக வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். ஷன்ட் என்பார்கள். ரத்தம் அதன் வழியே நழுவிவிட, அதிலுள்ள அம்மோனியா மூளையை எட்டும்.

முதல் சோதனை பித்த அமிலம்: வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. அளவு எகிறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் குழாய் எங்கே என்று இதில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் தெரிவது பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. சிடி ஆஞ்சியோவில் ரத்த நாளத்தில் சாய மருந்து ஏற்றிப் படமெடுக்கும்போது, குழாய் எங்கே கிளம்பி எங்கே சேர்கிறது, கல்லீரலுக்கு உள்ளேயா வெளியேயா, ஒன்றா பலவா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வெளியே இருக்கும் ஒற்றைக் குழாய்க்கு ஆபரேஷன் உண்டு. ஒரேயடியாக அடைத்தால் குடல் பக்கத்து ரத்த அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து. அதனால் வாரக்கணக்கில் மெல்ல இறுகும் அமெராய்டு வளையத்தை மாட்டுவார்கள். லேப்ரடார் போன்ற பெரிய இனங்களில் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். அதற்கு வழி வேறு. படமில்லாமல் வயிற்றைத் திறந்து தேடலாம் என்றால், என் கருத்தில், இன்னொரு டாக்டரிடமும் கேட்பதே நல்லது. ஆபரேஷன் முடியாதபோதும், அதற்கு முன்பும், லாக்டுலோஸ் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் கைகொடுக்கும்.

சிடிக்கு மயக்க மருந்து வேண்டும். கல்லீரல் சரியில்லாத குட்டி தாமதமாகவே விழிக்கும். நெடுநேரம் பட்டினி போட்டால் சர்க்கரையும் இறங்கும். மயக்கம் கொடுப்பவர் யார், சர்க்கரையைப் பார்ப்பார்களா, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்பவருக்கு அதுதான் தேவை.

குட்டியை விலைக்கு வாங்கியிருந்தால் இதையும் கவனியுங்கள்: 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நோயை மறைத்து விற்றிருந்தாலும், காசு வாங்கிச் செய்த சிகிச்சையில் குறை இருந்தாலும் 2 ஆண்டுக்குள் உங்கள் ஊர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். குட்டி வாங்கிய ரசீது, தடுப்பூசி அட்டை, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். இந்த ஷன்ட் குறை பரம்பரையாக வரக்கூடியது. அதே ஜோடியை மறுபடி இணை சேர்க்க வேண்டாம் என்று விற்றவருக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள்.